அழாத பிள்ளைகளின் தெரு

அக்கா வாழ்க்கைப்பட்ட தெருவில் பகல் நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்காது. கல்லூரியில் இடம் கிடைத்து, தூத்துக்குடியில் அக்கா வீட்டில் தங்கிப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே அதைக் கவனித்துவிட்டேன். எங்கள் ஊர் தேரிக்காட்டில் இருக்கிறது. பனையேறிகளின் வீடுகளில் ஒரு பிள்ளை ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். இங்கே குழாயடியில் பெண்கள் கத்தினார்கள், புதுத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கத்தின, கோழி கத்தியது. பிள்ளைகள் மட்டும் கத்தவில்லை.

"இந்தத் தெருப் பிள்ளைவ தங்கம்ளா," என்றாள் அக்கா. "என் மூத்தவளத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா, இது பொம்மையா பிள்ளையான்னு கேப்பாவ."

அதில் அவளுக்குப் பெருமை. எனக்கு வேறு பெருமை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அக்காவை ஆடு மேய்க்க அனுப்பினார்கள். நான் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது புத்தகத்தின் பெயர் வெளியே தெரிகிற மாதிரி அணைத்துப் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

தெருவில் எல்லோருக்கும் உப்பளத்தில் வேலை. விடியுமுன்னே பெண்கள் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, உப்பின் வெளிச்சம் கண்ணைப் பொசுக்கும். கைப்பிள்ளைகளை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது கங்காணியின் சட்டம். அதனால் பிள்ளைகளை அத்தானின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். நானும் அக்காவைப் போல அவரை மதினி என்றுதான் கூப்பிட்டேன். உப்புத் தண்ணீரில் பல வருஷம் நின்று மதினியின் கால்விரல்கள் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, கடைசியில் அவரால் செருப்புக்கூடப் போட முடியாமல் போனது. அளத்தை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். நடுவில் மதினி காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். சேலைத் தூளிகள் அசைவதே இல்லை.

ஒரே ஆள் அத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் உரைமருந்து.

உரைமருந்து எங்கள் ஊரிலும் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாகக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, வழித்து நாக்கில் தடவுவார்கள். வயிற்று உப்புசத்துக்கு நல்லது என்பார்கள். இந்தத் தெருவில் அந்த வரிசையின் கடைசியில் இன்னொன்று இருந்தது. மிளகு உருண்டையைவிடப் பெரிய, கருத்த ஒரு கட்டி. அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கறுப்பு" என்பார்கள். முதுகுவலிக்காக அரசாங்கத்தில் பதிந்து அபின் வாங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடமிருந்து அது வந்தது. கறுப்பை மட்டும் இரண்டே இழைப்பு இழைப்பார்கள். கல்லில் ஒரு கறை விழும். அவ்வளவுதான் அளவு. பிள்ளை மத்தியானம் வரை தூங்கும்.

அக்காவின் மூத்த மகள் அந்தக் கறையில்தான் வளர்ந்தாள். நான் வந்தபோது அவளுக்கு நான்கு வயது ஆகவிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் அவசரமில்லாமல், யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்பது போலத் திரும்புவாள். முத்துக்குளித்த காலத்தில் கொட்டிய சிப்பி ஓடுகள் தெருமுனையில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடுவாள்.

"பொம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்," என்பார் மதினி. "பேச ஆரம்பிச்சா நிறுத்தாதுன்னு சாமிக்குத் தெரியும்லா."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். ஆனால் இரண்டாவதாகப் பையன் பிறந்த பிறகு அவள் சிரிப்பது குறைந்தது. தொட்டிலில் கிடக்கும் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "ம்மா சொல்லு, ம்மா சொல்லு," என்பாள். மூன்று மாதப் பிள்ளை என்ன சொல்லும்? இவனாவது பேசுவானா என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அத்தான் தோணியில் கொழும்புக்குப் போனால் வருவதற்கு வாரக்கணக்காகும். அதனால் இந்தக் கவலையை அவள் என்னிடம்தான் காட்டினாள். அதுவும் வாயால் அல்ல.

அந்த வருஷம் எங்களுக்குக் கோழிக்கருவின் வளர்ச்சி பாடமாக இருந்தது. சோதனைச்சாலையில் அடைவைத்த முட்டைகளின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்த்தோம். முதலில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. அடுத்தடுத்த முட்டைகளில் தலை தெரிந்தது. உடம்பைவிடப் பெரிய தலை. மூளை கண்ணாடிக் கொப்புளம் போல இருந்தது, ஒரு கொப்புளத்தை அடுத்து இன்னொரு கொப்புளம். நான் அதைப் படம் வரைந்தபோது என் பென்சில் நடுங்காமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் வளர்ந்த ஒரு கருவில் கால் துடுப்பு போல இருந்தது. பாடம் எடுத்தவர் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். விரல் எப்படி வருகிறது என்று கேட்டார். விரல் முளைக்கும் என்றோம். இல்லை, நடுவில் இருக்கிற செல்கள் சாகின்றன, அதனால் விரல் பிரிகிறது என்றார். வாத்துக்கு அந்தச் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, ஆகவே அதற்கு விரல்களுக்கு நடுவில் தோல் இருக்கிறது. சாவும் வளர்ச்சியில் ஒரு வேலை, அதற்கு இடமும் நேரமும் உண்டு.

"மூளையிலயுமா மேடம்?" என்று கேட்டேன்.

"மூளையிலயும்தான். தேவைக்கு மேல உண்டாகும். எதோடயும் சேராதது செத்துடும்."

"பிறந்த பிறகு வெளியிலேருந்து ஒரு மருந்து போனா? தூங்க வைக்கிற மாதிரி மருந்து. சாகக் கூடாதது சாகுமா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அது பரீட்சைக்கு வராது."

"வராட்டியும் பரவாயில்ல மேடம்."

"எனக்குத் தெரியாது," என்றார் அவர். "நான் படிச்சதுல இல்ல. யாராவது பாத்துட்டு இருக்கலாம்."

இரண்டு முட்டை கொடுத்தால் நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முட்டைகள் அடுத்த வகுப்புக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் கேட்டது நல்ல கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாயங்காலம் மதினி வீட்டில் அக்கா பிள்ளையை எடுக்க வந்தபோது நான் சொன்னேன். மூளை இன்னும் கட்டி முடியாத வீடு மாதிரி, அது கட்டி முடிகிற வரைக்கும் கறுப்பு கொடுக்க வேண்டாம் என்றேன்.

மதினி கீரைத் தண்டை முறித்தார். "கேட்டியாளா? காலேசு கோழிமுட்டைய ஒடச்சுப் பாத்துட்டு வந்து பிள்ளைக்கு வைத்தியம் சொல்லுதாவ. நாளைக்கு ஆம்லேட்டு போட்டுட்டு வந்து ஆப்பரேசன் செய்வாவ."

"மதினி, அது அபின். விளையாட்டு இல்ல."

"மெல்லப் பேசுளா. தெருவுக்கே கேக்கும்." பிறகு, சிரிக்காமல் சொன்னார்: "என் மகனுவ ரெண்டு பேரும் இதக் குடிச்சு வளந்தவனுவதான். ஒருத்தன் ஆர்பர்ல வின்ச்சு ஓட்டுதான். அவன் மூளைக்கு என்ன கொறச்சல்?"

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற அவரை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தார்.

அக்கா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குடுக்கல. சரி. முழிச்சிக்கிட்டுக் கத்துவான். மதினி ஒத்த ஆளு என்ன செய்வாவ? நீ இருந்து பாப்பியா?"

கல்லூரியை விடுவதாக எனக்கு எண்ணம் இல்லை. விடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் கல்லில் இரண்டு இழைப்பு விழுந்தது.

ஐப்பசி பிறந்ததும் காற்று வாடையாகத் திரும்பியது. மழைக்கு முன்னால் அளத்தில் குவித்த உப்பை எல்லாம் பனையோலை வேய்ந்து மூடியாக வேண்டும். முதல் மழையில் நனைந்தால் குவியல் கரைந்து ஓடிவிடும். அந்தச் சில நாட்களில் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. ஒரு நாள் காலையில் தூறல் விழ ஆரம்பித்ததுமே கங்காணியின் ஆள் தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். பெண்கள் சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அக்காவுக்கு உரைமருந்து இழைக்க நேரமில்லை. பிள்ளைகளை மதினியிடம் போட்டுவிட்டு, "நீங்களே இழச்சுருங்க மதினி," என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா. நான் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

மதினி தன் கறுப்பைக் கல்லுப்புப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். எறும்பு வராது, தேடுகிறவன் கண்ணிலும் படாது. கோடையில் அந்த உப்பு அதைக் கல்லாக உலர்த்தி வைத்தது. ஆனால் வாடை தொட்டதும் உப்பு நீர்த்துக்கொள்ளும். அந்தத் தெருவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பானை வேர்ப்பதை வைத்தே மழை வருமா என்று சொல்லுகிறவர்கள் அவர்கள். இருந்தும், உப்போடு சேர்ந்து கறுப்பும் ஊறி வெல்லம் போல இளகியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மதினி எப்போதும் போல இரண்டே இழைப்புதான் இழைத்தார். அளவு கைக்குத்தான் தெரியும், கண்ணுக்கு அல்ல. கறை விழ வேண்டிய இடத்தில் குழம்பாக ஒட்டியதை, மழை இருட்டில், வழித்துத் தடவிவிட்டார். அன்றைக்கு அந்தக் கட்டியில் இழைத்தது எங்கள் பையனுக்கு மட்டும்தான். மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் அம்மாக்கள் வீட்டிலேயே கொடுத்திருந்தார்கள்.

மத்தியானம் மழையால் கல்லூரியை விட்டுவிட்டார்கள். நான் நேரே மதினி வீட்டுக்குப் போனேன்.

"இன்னிக்கு நல்லாத் தூங்குதான்," என்றார் மதினி. குரலில் ஏதோ இருந்தது. "நீயே எழுப்பிப் பாரேன்."

எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. உதட்டோரம் நாவல்பழம் தின்ற நிறம். மூச்சு வந்தது, நின்றது, வராதோ என்று நினைக்கும்போது மறுபடி வந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் போகும்போது மதினி அவன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தார். செருப்பில்லாத புண்காலோடு அவர் தெருவைத் தாண்டி வந்தது அன்றைக்குத்தான். "முழி ராசா, கத்து ராசா, கத்துல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் கத்தக் கூடாது என்பதற்காகவே அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "என்ன குடுத்தீங்க?"

"உரைமருந்துதான் சார்," என்றார் மதினி. "எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கதுதான்."

"அதுல என்ன?"

"வசம்பு. கடுக்கா." மதினி என் முகத்தைப் பார்த்தார். வாசலில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். போலீஸ் என்ற வார்த்தை அங்கே யாராலும் சொல்லப்படாமல் நின்றது.

"அபின்," என்றேன் நான். "மூணு மாசமா தினமும். இன்னிக்கு ஜாஸ்தி."

டாக்டர் ஊசி போட்டார், மூக்கில் குழாய் வைத்தார், தூங்கவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். திட்டவும் செய்தார், ஆனால் கைகள் வேலை செய்துகொண்டிருந்ததால் திட்டு பாதிப் பாதியாக வந்தது. அக்கா வந்து சேர்ந்தபோது அவள் கையெல்லாம் ஓலைக் கருக்கு கிழித்த கோடுகள். கட்டிலருகே போய் நின்றாள். அவள் நின்றிருக்கும்போதே பையன் முகத்தைச் சுளித்தான். வாயைத் திறந்தான். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"ஒரேயடியா நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டர் மறுநாள். உடம்பு அதற்குப் பழகிவிட்டது, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், தான் தருகிற சொட்டு மருந்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுங்கள் என்றார். "அழுவான். அழட்டும்."

அக்கா அவரை விடவில்லை. "மூத்தவளுக்கு நாலு வயசு. பேச மாட்டேங்கா. அவளுக்கும் இதத்தான் குடுத்தேன். அதனாலயா சார்?"

டாக்டர் மூத்தவளைக் கூட்டிவரச் சொன்னார். பார்த்தார், காதருகில் சொடக்குப் போட்டார், பெயர் கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என்னைக் கேட்டாள். "நீ சொல்லு. நீதான அதப் படிக்க. என் கையால அவ மூளைய நான் கொன்னுட்டேனா?"

ரோட்டோரம் ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நான் எது சொன்னாலும் நம்புவாள். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை. செல்கள் தானாகவும் சாகும், மூச்சு ரொம்பக் குறைந்தாலும் சாகும், அபினால் சாகுமா என்பது எனக்கு யாரும் சொல்லித் தராதது, பேச்சு தாமதமாவதற்கு வேறு நூறு காரணம் உண்டு என்று எல்லாம் சொன்னேன். கடைசியில், "தெரியாதுக்கா," என்றேன்.

"தெரியாதுன்னு சொல்லவா இத்தன படிப்பு?"

"ஆமா."

கொஞ்ச தூரம் நடந்தாள். "அப்ப இல்லன்னும் சொல்ல மாட்ட."

"மாட்டேன்."

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க அளத்தில் வேலை இல்லை. அக்கா வீட்டில் இருந்தாள். பையன் அழுதான். தும்மினான், கொட்டாவி விட்டான், வயிற்றால் போனான், காலை உதைத்துக்கொண்டு கிறீச்சென்று அழுதான். சுவரைத் தட்டினார்கள் பக்கத்து வீட்டார். மூத்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "இவ இப்படி அழுததே இல்ல," என்றாள் அக்கா அவளைப் பார்த்து. "நல்ல பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." சொட்டு தீர்ந்தது. அழுகை மற்றப் பிள்ளைகளின் அழுகை போல ஆனது. பசித்தால் அழுதான், எடுத்தால் நிறுத்தினான்.

தை பிறந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கியதும் அக்கா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு அளத்துக்குப் போனாள். கருவிகள் வைக்கிற கொட்டகையில் சேலையைக் கட்டி அவனைப் போட்டாள். அன்றைக்கு லீவு என்பதால் நானும் போயிருந்தேன். கங்காணி வந்தார்.

"ஏளா, இது அளமா ஆஸ்பத்திரியா? இந்தக் கத்து கத்துதான், எவளுக்கு வேல ஓடும்?"

"ஓடும் அண்ணாச்சி. அவன் கத்துனா நான் ரெண்டு நடை மண்ணு சேத்துப் போடுதேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குளா."

"சட்டம் போட்டவிய வந்து தாலாட்டுவாவளா, கேட்டுச் சொல்லுங்க."

பாத்தியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணி அவர்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் கொட்டகையில் இன்னொரு தூளி தொங்கியது. எல்லோரும் வரவில்லை. மதினி வீட்டில் பாதித் தூளிகள் அப்படியே இருந்தன. அவற்றில் கறுப்பு நின்றதா என்று நான் கேட்டபோது மதினி, "என் கல்லுல இல்ல," என்று மட்டும் சொன்னார். அவரவர் வீட்டுக் கல்லைப் பற்றி அவர் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நான் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம், பையன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, செம்பைக் காட்டித் "தண்ணி" என்றான். தெளிவாகச் சொன்னான். அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் பையனைப் பார்க்கவில்லை. மூத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லுவியா?"

ஒரு பிள்ளை பேசியது இன்னொரு பிள்ளை பேசாததற்குச் சாட்சி ஆகாது. இருவரும் வேறு வேறு பிள்ளைகள். இவனும் மூன்று மாதம் குடித்தவன்தான். "இப்பவும் தெரியாது," என்றேன்.

அக்கா செம்பை எடுத்தாள். பையனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு மூத்தவளின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த சிப்பி ஓட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"தண்ணி," என்றாள். "தண்ணி."

மூத்தவள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா செம்பைக் கொடுக்காமல், அவசரப்படாமல், மறுபடியும் சொன்னாள்.